போலி வேறு, பொய் வேறு

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே தாம்பரம் கடைத்தெருவில் தகரத் துப்பாக்கிகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். சிவகாசியிலிருந்து வரும் சிவந்த கேப்புச் சுருளை அதன் வயிற்றுக்குள் மாட்டி விசையை இழுத்தால், சுருள் ஒரு புள்ளியளவு மேலே நகரும், குதிரை விழும், ஓர் ஓசையும் சிறு புகையும் எழும். சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் எங்கும் அந்நாட்களில் சிறுவர் கையில் இதுவே விளங்கும். இதனை வாங்கிக் கொடுக்கும் தந்தையருள் எத்தனை பேர், தாம் வாங்குவது பழையதொரு படைக்கலப் புதுமையின் படியே என்பதை அறிவர்? 1845-ல் எட்வர்டு மேனார்டு என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், காகிதச் சுருளில் வெடிப்புள்ளிகளை வரிசையாக வைத்து, குதிரையைப் பின்னுக்கிழுக்குந்தோறும் ஒரு புள்ளி தானே முன்வந்து நிற்கும்படி அமைத்துக் காப்புரிமை பெற்றார். மழைக்காலத்தில் அக்காகிதச் சுருள் ஈரங்கண்டு பயன்படாமற் போயிற்று. படையினர் அதனைக் கைவிட்டனர். படையினர் கைவிட்டதைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டனர். புள்ளியில் அடங்கிய மருந்து இன்று வேறு, முறை அதுவே. ஆகவே நம்மில் பெரும்பாலோர் இளமையில் பழந்துப்பாக்கியின் போலி ஒன்றைக் கையாண்டவரே என்பதை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

சென்ற விடுமுறைக்குச் சற்று முன்னர், கடல்கடந்து வாழும் நம் பழைய மாணாக்கரொருவர் கல்லூரிக்கு வந்திருந்தார். விடுதித் தாழ்வாரத்தில் தம்மைச் சூழ்ந்திருந்த இளைஞருக்குத் தம் வீட்டுச் சேகரத்தின் நிழற்படங்களை அவர் காட்டினார். அவர் சேகரிப்பவை கருமருந்துச் சுழல்துப்பாக்கிகள். அதாவது வெடியுப்பும் கந்தகமும் கரியும் கூட்டிய பழைய மருந்தை உருளையின் முன்புறமாகக் கெட்டித்து, அதன்மேல் ஈயக்குண்டை அழுத்தி, பின்புறத்து முளைகளில் செப்புக் கேப்பு மாட்டிச் சுடுபவை. ஆயினும் அவரிடம் உள்ளவற்றுள் ஒன்றேனும் பழையதன்று. யாவும் இத்தாலியில் நம் காலத்திலே செய்யப்பட்ட படிகள். அவற்றுள்ளும் எல்லாரும் வைத்திருக்கும் வகைகளை அவர் நாடுவதில்லையாம். கோணலானவை, தோற்றுப்போனவை, ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யத் துணியாதவை ஆகியவற்றிலேயே அவர் மனம் செல்கின்றது. கேட்டிருந்தோருள் ஒருவர், “அசலை வாங்கப் பொருள் இல்லாதார் நகலை வாங்கி மகிழ்வதில் பெருமை என்ன, ஐயா?” என்றார். மற்றொருவர், “கொலைக்கருவியை அழகு பார்ப்பது கற்றவர்க்கு அடுக்குமா?” என்றார். உணவு மணி அடித்துவிட்டமையால் வந்தவர் நகைத்தவாறே எழுந்துவிட்டார். அவர் சொல்லாது போன விடையை நாம் சொல்ல முயல்கின்றோம். நாம் துப்பாக்கி சுடுவோர் அல்லோம் என்பதையும் முன்னரே கூறிவிடுவது முறையாகும்.

முதற்கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர், நமக்கு மூன்று நான்கு ரயில் நிலையங்களுக்கு அப்பாலுள்ள பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்நாட்டுப் பழங்கற்கால ஆராய்ச்சி அன்று தொடங்கிற்று. அவர் திரட்டிய கற்கருவிகள் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் உள்ளன. அத்தகைய கருவியை ஆராய்வோர் இக்காலத்தில் யாது செய்கின்றனர்? தாமே ஒரு கல்லை எடுத்து மற்றொரு கல்லால் தட்டித் தட்டி, பழங்கருவியைப் போன்றதொரு புதுக்கருவியைச் செய்து பார்க்கின்றனர். அதனால் தோலை உரித்தும் மரத்தைச் சீவியும் அதன் விளிம்பு தேயும் வகையை அறிகின்றனர். பல்லாவரத்துக் கல்லையே எடுத்துத் தோல் உரிக்க முற்படுபவரை எவரும் அறிஞர் என்னார். போலியைச் செய்தமையாலன்றோ அசல் பிழைத்தது. போலியைக் கையாண்டமையாலன்றோ அசல் விளங்கிற்று. கல்லுக்குப் பொருந்தும் இந்நியாயம் இரும்புக்கு ஏன் பொருந்தாது?

சுழல்துப்பாக்கியின் வரலாற்றில் இந்நியாயத்துக்கு வியத்தகு சான்றொன்று உண்டு. அதனைக் கூறுமுன் ஒரு பாதிரியாரைப் பற்றியும் கூறவேண்டும். ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகருக்கருகே பெல்ஹெல்வி என்னும் சிற்றூரின் திருச்சபைப் போதகர் அலெக்சாந்தர் ஃபார்சைத். அவருக்கு நீர்ப்பறவை வேட்டையில் பெருவிருப்பம். சக்கிமுக்கித் துப்பாக்கியில் குண்டு புறப்படுமுன் கிண்ணியிலுள்ள மருந்து மின்னுவதைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதைப் பொறாராய், அடித்தால் தானே வெடிக்கும் இரசாயன மருந்தைக்கொண்டு பற்றவைக்கும் முறையைக் கண்டு, 1807-ல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த செப்புக் கேப்புக்கு மூலம் அதுவே. நம் கல்லூரிக்கு 1837-ல் வித்திட்டவரும் ஸ்காட்லாந்துப் போதகரே. அவர்கள் எல்லாரும் வாத்துகளை நினைத்திருக்கவில்லை என்பது நம் நற்பேறு.

நிற்க. 1830-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘கார்வோ’ என்னும் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் கப்பற்றொழில் பயிலச் சென்ற பதினாறு வயதுச் சிறுவன் சாமுவேல் கோல்ட். கப்பலின் சுக்கான் சக்கரமோ நங்கூரம் இழுக்கும் உருளையோ சுழன்று சுழன்று ஒவ்வோரிடத்திலும் தடைபட்டு நிற்பதை நோக்கி, அதே முறையில் துப்பாக்கியின் உருளையையும் நிறுத்தலாம் என்று எண்ணி, கையிலிருந்த கத்தியால் ஒரு மாதிரியை அவன் மரத்தில் செதுக்கினான் என்பர். அவனுக்கு முன்னரே, 1818-ல், எலிஷா காலியர் என்னும் மற்றொரு பாஸ்டன் நகரத்தார் இங்கிலாந்தில் சக்கிமுக்கியால் இயங்கும் சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் சிலர் கையிலும் இருந்ததெனத் துப்பாக்கி வரலாறு எழுதுவோர் கூறுவர். கல்கத்தாவில் கோல்ட் அதனைக் கண்டிருக்கக்கூடும் என்றும் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், 1835-ல் இங்கிலாந்திலும் 1836-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்று உலகெங்கும் பரவிய ஒரு கருவியின் தொடக்கம், இந்தியாவை நோக்கி வந்த கப்பலில் செதுக்கப்பட்ட வெடியாத மரப்போலி என்பது சிந்திக்கத்தக்கது. அக்கப்பல் நோக்கிவந்த கல்கத்தாவே பீகாரத்து வெடியுப்பு மேனாட்டுக்கு ஏற்றுமதியான துறைமுகம் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்க. கருமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு அவ்வுப்பே. குண்டு யாருடையதாயினும், மருந்தின் பெரும்பகுதி பல காலம் நம் மண்ணினின்று சுரண்டியெடுத்தது.

இனி, அந்தப் பழைய மாணாக்கர் விரும்பும் கோணல் வகைகளைக் காண்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நிறைவு 1961-ல் தொடங்கியது. அதனை முன்னிட்டுப் பழம்போர்களை நடித்துக் காட்டவும் பழந்துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கவும் அந்நாட்டில் பலர் முற்பட்டனர். அசல்களோ அருகின; விலையும் ஏறின. வால் ஃபார்ஜெட் என்னும் அமெரிக்க வணிகர், 1950களின் இறுதியில், வட இத்தாலியில் நெடுங்காலமாகத் துப்பாக்கித் தொழில் நடைபெற்றுவரும் கார்தோனே பள்ளத்தாக்குக்குச் சென்று, கோல்ட் நிறுவனத்தின் 1851-ஆம் ஆண்டு வகையைப் படியெடுக்கச் செய்தார். அவ்வேலையில் ஈடுபட்ட அல்தோ ஊபெர்த்தியின் பெயரால் அமைந்த தொழிற்சாலையும், பியெத்தா என்னும் மற்றொன்றும் இன்று இத்துறையில் முன்னிற்பன. தொடக்கத்தில் புகழ்பெற்ற வகைகளையே செய்தவர்கள், அவை எல்லார் வீட்டிலும் நிறைந்தபின், வரலாறு மறந்த வகைகளையும் செய்யலாயினர்.

அவற்றுள் ஒன்று பேட்டர்சன். கோல்ட் முதன்முதற் செய்தது. குதிரையை இழுத்த பின்னரே இதன் விசை அடியிலிருந்து வெளியே தலைநீட்டும். அதுவரை அவ்விடத்தில் விசையே இராது. தொடக்கத்தில் வந்தவற்றில் மருந்து கெட்டிக்கக் கோல் பொருத்தப்படவில்லை; ஒவ்வொரு முறையும் குழலைக் கழற்றியே கெட்டிக்கவேண்டும். இதனைச் செய்த நிறுவனம் 1842-ல் நொடித்துப்போயிற்று. மற்றொன்று லெமாட். நியூ ஆர்லியன்ஸ் நகர மருத்துவரொருவர் 1856-ல் காப்புரிமை பெற்றது. ஆறு குண்டு போதாதென்று ஒன்பது குண்டு; அதுவும் போதாதென்று, உருளை சுழலும் அச்சையே மற்றொரு பெருங்குழலாக்கி, அதில் ரவை நிரப்பிச் சுடும்படி அமைத்தார். குதிரையின் மூக்கைக் கட்டைவிரலால் சற்றே திருப்பினால் கீழ்க்குழல் வெடிக்கும். மூவாயிரத்துக்கும் குறைவாகவே அது செய்யப்பட்டது. மருத்துவர் கண்டுபிடிப்பில் மருந்தளவு மிகுந்தது வியப்பன்று.

நம் வாதத்துக்கு இவை இரண்டினும் மேலாக உதவுவது 1847-ல் வந்த வாக்கர் வகை. சாமுவேல் வாக்கர் என்னும் டெக்ஸாஸ் படைத்தலைவரின் விருப்பப்படி கோல்ட் செய்தது. மொத்தம் ஏறத்தாழ 1,100 மட்டுமே. எடை இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேல். குதிரைவீரன் சேணத்தில் தொங்கவிட்டுச் செல்வானன்றி இடுப்பிற் சுமக்கமாட்டான். ஒவ்வோர் அறையும் 60 கிரெயின், அதாவது ஏறக்குறைய நான்கு கிராம் மருந்து கொள்ளும். அக்கால இரும்பு அதனைத் தாங்காமையால் உருளைகள் பல பிளந்தன. நூல்களிற் காணும் செய்தி இவ்வளவே. ஆயின் இத்தாலியப் படியைச் சுட்டுப் பார்த்தவர் மற்றொன்றும் கண்டனர். வெடித்த அதிர்ச்சியில், குழலின் அடியிலுள்ள கெட்டிக்கும் கோலின் பூட்டு விடுபட்டு, கோல் தொங்கி, அதன் மறுமுனை உருளைக்குள் நுழைந்து அதனைச் சுழலவொட்டாமல் தடுத்துவிடுகின்றது! அக்காலத்து வீரர் சிலர் அதனைத் தோல்வாரால் கட்டிவைத்ததன் காரணம் கைக்கே விளங்குகின்றது. நம் பழைய மாணாக்கரும் தம் வாக்கருக்கு ஒரு சணற்கயிறு கட்டியிருந்ததை நிழற்படத்தில் கண்டோம். அன்று அதனை நாம் அசட்டை என்று கருதியது பிழை. 2018-ல் அசல் வாக்கர் ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று. அதனை வாங்கியவர் அதில் மருந்து கெட்டிக்கப் போவதில்லை, கெட்டிக்கவும் கூடாது. வெற்றிபெற்ற கருவியின் குணத்தை எந்நூலும் பேசும். தோற்ற கருவி ஏன் தோற்றதென்பதை அறிய, தோற்கக்கூடிய ஒரு போலி வேண்டும். ஆகவே அசல் வாங்கப் பொருளில்லாமையே போலி வாங்குவதற்குக் காரணம் என்பது முழு உண்மையன்று.

எனினும் போலியால் வரும் இழுக்கு ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. நாம் மாணாக்கராயிருந்த காலத்தில், யாத்திரிகர் மிகுதியும் வரும் ஓர் ஊரில், பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் பித்தளைப் பூண் கட்டிய சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கண்டோம். பாளையக்காரர் காலத்தது, அரண்மனையொன்றிலிருந்து வந்தது என்றெல்லாம் அவர் கூறினார். குழலில் துருவும் பிடியில் அழுக்கும் அவர் சொல்லுக்குச் சாட்சியாயிருந்தன. விடுதிக்குக் கட்டவேண்டிய உணவுப் பணத்தைக் கொடுத்து அதனை வாங்கி வந்தோம். கல்லூரித் தொழிற்கூடத்தில் வேலைபார்த்த பெரியவரொருவர் அதனைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பினார், பூணின் அடியிலிருந்த திருகாணியைச் சுட்டிக்காட்டி, “தம்பி, இதன் தலையில் சிலுவைக் குறி இருக்கிறதே, பாளையக்காரர் எல்லாரும் எப்போது வேதத்தில் சேர்ந்தார்கள்?” என்று வினவினார். சிலுவைப் பள்ளமுள்ள திருகாணி உலகில் புழக்கத்துக்கு வந்தது 1930களில். நெருப்புச் செல்லும் துளையும் அதில் இடப்படவில்லை. துருவோ, புளித்த நீரும் உப்பும் கொண்டு ஏற்றியது. அந்த மாதம் நாம் உண்ட உணவைப் பற்றி இங்குக் கூறவேண்டுவதில்லை.

அத்துப்பாக்கி இன்றும் நம்மிடம் உள்ளது. அதைச் செய்த கைவினைஞர் மீது நமக்குச் சினமில்லை. பூண் வேலை நேர்த்தியானது. அது புதியதென்று சொல்லி விற்றிருந்தால் மகிழ்ந்தே வாங்கியிருப்போம். இத்தாலியப் படிகளின் குழலில் செய்தவர் பெயரும் சோதனைச்சாலை முத்திரையும் செய்த ஆண்டைக் காட்டும் குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். தன்னைப் போலி என்று தானே அறிவிக்கும் பொருளில் பொய் இல்லை. அம்முத்திரையை அரத்தால் தேய்த்துவிட்டு, அமிலத்தால் பழமை ஏற்றுபவர்களும் மேனாட்டில் இருக்கின்றனர். அந்தத் தொழிலுக்குச் சேகரிப்போரின் பேராசையும் துணை. நம் பழைய மாணாக்கர் தம்முடையவற்றின் முத்திரைகளை நிழற்படத்தில் பெரிதாக்கியே காட்டினார். அச்செயலாலேயே அவரைப் பற்றிய நம் மதிப்பு உயர்ந்தது.

இதனைப் படிக்கும் இளைஞர் எவரேனும் தாமும் ஒன்று தருவிக்கலாம் என்று எண்ணத் தொடங்கியிருப்பின், இங்கே சற்று நிற்க வேண்டுகின்றோம். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கேப்பால் வெடிக்கும் பழைய அமைப்புகளையும் அவற்றின் படிகளையும் பெரும்பாலும் துப்பாக்கி என்னும் இலக்கணத்தினின்று விலக்கியுள்ளது. தபாலிலே வாங்குவாரும் உண்டு. இங்கிலாந்தில் 1997-ல் கைத்துப்பாக்கிகள் தடுக்கப்பட்டபோதும், முன்புறம் கெட்டிக்கும் வகைக்கு உரிமத்தின்மேல் இடம் விடப்பட்டது. நம் நாட்டு நிலை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பழமை வாய்ந்ததாயும், பழுது பார்த்தாலும் பாராவிட்டாலும் சுட இயலாததாயும் உள்ள ஆயுதத்துக்கே விலக்களிக்கின்றது. சுடக்கூடிய படி, நேற்றுச் செய்ததாயினும் முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட அமைப்பாயினும், துப்பாக்கியே. உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம். சுடாத போலியைச் சுடுமாறு திருத்துதலையும் 6-ஆம் பிரிவு உரிமமின்றி விடுவதில்லை. உரிமம் பெற்றாரும் இரண்டுக்கு மேல் வைத்திருத்தல் பொதுவாக இயலாதென 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்துள்ளது. இச்சட்டங்களை நாம் குறைகூறவில்லை. மக்கள் நெருக்கம் மிகுந்த இப்புறநகரில் திருமண ஊர்வலத்துக்கு ஒரு வாக்கர் வந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகின்றோம்.

இரண்டாவது மாணாக்கரின் கேள்வி இன்னும் நிற்கின்றது: கொலைக்கருவியை அழகு பார்க்கலாமா? இதற்கு எளிய விடை இல்லை. 1857-ல் ஆங்கில அதிகாரிகள் கையில் ஆடம்ஸ், கோல்ட் சுழல்துப்பாக்கிகள் இருந்தன. அவற்றின் முன் நின்றவர் நம் நாட்டவர். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்கவைத்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அதனால் நம் மூதாதையருள் பெரும்பாலோர் இக்கருவியின் வாயை மாத்திரம் கண்டனர். உள்ளிருக்கும் பல்லையும் வில்லையும் கண்டாரில்லை. நாம் நாள்தோறும் மின்ரயிலில் கடந்துசெல்லும் பரங்கிமலையோ, சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக நெடுங்காலம் விளங்கியது. 1759 பிப்ரவரியில், பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டிருந்தபோது, அம்மலையடியில் கடும்போர் நிகழ்ந்தது. யூசுப் கான் அதில் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். பின்னர் அவரே தூக்கிலிடப்பட்டார். இவ்வரலாற்றின் நடுவே குடியிருந்துகொண்டு, அதனை நடத்திய கருவியின் உள்ளமைப்பை அறியாதிருத்தல் கருணையாகாது, அறியாமையே ஆகும். ஆயினும், அந்த நண்பரின் கூச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். கருவியைக் கையிலெடுக்கும்போது சிறிதேனும் கூச்சம் தோன்றாதவர் அதனைச் சேகரியாதிருத்தல் நலம்.

அவ்வாறாயின் சட்டத்துக்கு அடங்கிய நாம் செய்யக்கூடியது யாது? எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த படைக்கலங்கள் உள்ளன. புனித ஜார்ஜ் கோட்டையில் 1948-ல் திறக்கப்பட்ட பொருட்காட்சிசாலையிலும் துப்பாக்கிகள் கண்ணாடிக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன. தாம்பரத்தில் ரயிலேறிய மாணாக்கன் ஒரு மணி நேரத்துக்குள் இவற்றின் முன் நிற்கலாம். நின்று யாது காண்பான்? நீளமான இரும்பு, குட்டையான இரும்பு, ஒரு சீட்டு. திரித்துப்பாக்கியும் சக்கிமுக்கியும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் கண்ணாடி சொல்லாது. அப்பேழைக்கருகே, குழல் துளையிடாத, சுட முடியாத, ‘இது புதியது’ என்று பெரிதாய்ப் பொறித்த ஒரு படியைச் சங்கிலியிட்டு வைத்து, வருவோர் குதிரையை இழுத்து விசையைத் தட்டிப் பார்க்க விட்டாலென்ன? ஒரு பக்கத்துத் தகட்டை அறுத்தெடுத்து உள்ளுறுப்புகள் தெரியுமாறு வைத்தால் இன்னும் நன்று. இதற்கு ஆகும் செலவு ஒரு கண்ணாடிப் பேழையின் செலவுக்கு மேற்படாது என்று நம்புகின்றோம். பொருட்காட்சிசாலையார் இதனைச் செய்யத் தயங்குவாராயின், நம் கல்லூரியே வழிகாட்டலாம். கோல்ட் செய்ததை நாமும் செய்யலாமன்றோ? மரத்தில் மும்மடங்கு பெரிதாக ஒரு சுழல்துப்பாக்கி. உருளையைப் பின்னிருந்து தள்ளும் நாக்கு, பற்சக்கரம், நின்ற இடத்தில் பூட்டும் ஆப்பு, இம்மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பௌதிக மாணாக்கருக்கு அது பாடம். சரித்திர மாணாக்கருக்கு அது சான்று. போலீஸாருக்கு அது மரக்கட்டை.

பிறரைச் செய்யச் சொல்லித் தாம் வாளாவிருத்தல் தகாதென்று, சேலையூரில் ஒரு தச்சரின் உதவியால் நாம் இதனைத் தொடங்கியுள்ளோம். உருளையும் பிடியும் முடிந்தன. குதிரையை இழுத்தால் உருளை ஆறில் ஒரு பங்கு சுழல்கின்றது. நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ நாக்கு ஒடிந்துவிடுகின்றது. இதுவரை மூன்று நாக்குகள் போயின. முதலில் செய்தது வேம்பு, பின்னிரண்டும் தேக்கு. “மரத்தின் ரேகை குறுக்கே போகிறது, ஐயா, கருவேலங்கட்டை கொண்டுவாருங்கள், வண்டிச் சக்கரத்துக்கே தாங்குவது இதற்குத் தாங்காதா?” என்கிறார் தச்சர். கருவேலங்கட்டை ஒரு முழம் எவரிடமேனும் இருப்பின், தமிழ்ப் பகுதி ஆசிரியர் வாயிலாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கின்றோம்.